ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஒரு மேடு

துகள்களின் கதை – 17

சென்ற இதழை மான்செஸ்டரில் நிறுத்தியிருந்தோம். 1947-இல் ரோச்செஸ்டரும் பட்லரும் முகில் அறையில் பிடித்த வி வடிவத் தடங்கள் நினைவிருக்கும். அந்தத் துகள்களின் ஜாதகமே விசித்திரம். பிறக்கும்போது வலுவான அணுக்கரு விசையின் வேகத்தில் பிறக்கின்றன. அதே வேகத்தில் மாண்டும் போயிருக்க வேண்டும். ஆனால் எதிர்பார்த்த ஆயுளைப் போல் ஏறக்குறைய பத்து லட்சம் கோடி மடங்கு பிழைத்துக் கிடந்தன. இவை ஜோடியாகத்தான் பிறக்கும் என்று ஆபிரகாம் பைஸ் 1952-இல் சொன்னார். மறு ஆண்டு அமெரிக்காவில் கெல்-மேனும் ஜப்பானில் நிஷிஜிமாவும் தனித்தனியே அந்த யோசனைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அதுதான் விநோத எண். ஜோடியில் ஒன்றின் +1-ஐ மற்றதன் -1 அடித்துவிடும். தனியே நிற்கும் துகளுக்கு அந்தச் சலுகை இல்லை. மெலிந்த விசையின் தயவில் மெதுவாகத்தான் சிதைய வேண்டும்.

இதுவரை நாம் பார்த்த விநோதத் துகள்கள் எல்லாம் வானத்திலிருந்து விழுந்த காஸ்மிக் கதிர்களாலோ, புரோட்டான், பையான் கற்றைகளாலோ பிறந்தவை. இந்த இதழில் அவற்றை ஒளியைக் கொண்டு பிறப்பித்தவர்களின் கதை. அதைவிட முக்கியமாக, பிறந்ததைக் கணக்கில் பிடிக்கப் பார்த்தவர்களின் கதை.

வினை எளிமையானது. ஒரு புரோட்டான்மீது உயர் ஆற்றல் ஃபோட்டான் வந்து மோதுகிறது. மோதிய பிறகு இரண்டும் இல்லை. அங்கிருந்து கே-பிளஸ் என்னும் கேயானும் லாம்டாவும் கிளம்புகின்றன. கேயானுக்கு விநோத எண் +1, லாம்டாவுக்கு -1. வரவும் செலவும் சரி. இன்றைய குவார்க் கணக்கில் சொன்னால், ஃபோட்டானின் ஆற்றல் ஒரு விநோதக் குவார்க்கையும் அதன் எதிர்க் குவார்க்கையும் உண்டாக்குகிறது. புரோட்டானில் இருக்கும் இரண்டு மேல் குவார்க்குகளில் ஒன்றை எதிர்க் குவார்க் இழுத்துக்கொண்டு கேயானாகப் போய்விடும். மிச்சமிருக்கும் மேல் குவார்க்கும் கீழ்க் குவார்க்கும் விநோதக் குவார்க்கோடு சேர்ந்து லாம்டா ஆகும். இது நடக்க ஃபோட்டானுக்குக் குறைந்தது 911 எம்இவி ஆற்றல், அதாவது மெகா எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் 911, இருந்தாக வேண்டும்.

வினை எளிது, பிடிப்பதுதான் கஷ்டம். ஃபோட்டான் புரோட்டானில் மோதினால் பெரும்பாலும் பையான்களே வரும். கேயான்-லாம்டா ஜோடிக்கு வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று. போதாக்குறைக்குக் கேயானும் அற்பாயுசு. அதன் வேகத்தைப் பொறுத்துச் சில மீட்டர் போவதற்குள் பாதிக்கு மேல் சிதைந்துவிடும்.

இந்த ஊசியை வைக்கோற்போரில் முதலில் தேடியவர்கள் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் இருந்தார்கள். ஒன்று கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் இருக்கும் கால்டெக். அங்கே எலக்ட்ரான் சிங்க்ரோட்ரானை வைத்திருந்த கட்டடத்துக்கே ஒரு பூர்வ கதை உண்டு. பாலோமர் மலைத் தொலைநோக்கியின் 200 அங்குலக் கண்ணாடியைப் பல ஆண்டுகள் தேய்த்துப் பளபளப்பாக்கிய பட்டறை அது. 1947-இல் கண்ணாடி மலையேறியதும் கூடம் காலியானது, முடுக்கி குடிவந்தது. தொடக்கத்தில் அதற்குக் காந்தங்கள்கூடப் புதிதாக வாங்கியவை அல்ல. பெர்க்லியில் பெவட்ரானைக் கட்டுவதற்கு முன் ஒத்திகையாகச் செய்த கால் அளவு மாதிரியிலிருந்து வந்தவை. இன்னோர் இடம் கார்னெல். அங்கே ராபர்ட் வில்சன், பின்னாளில் ஃபெர்மி ஆய்வகத்தைக் கட்டி எழுப்பிய அதே வில்சன்தான், தம் சகாக்களோடு ஒரு சிங்க்ரோட்ரானை ஓட்டிக்கொண்டிருந்தார். 1957-இல் இரண்டு இடங்களிலிருந்தும் முடிவுகள் வந்தன. கால்டெக்கில் டோனஹோவும் வாக்கரும். கார்னெல்லில் சில்வர்மன், வில்சன், உட்வர்டு. விநோத எண்ணைத் தந்த கெல்-மேன் அப்போது வாக்கரின் வளாகத்திலேயே பேராசிரியராக இருந்தார்.

அதே ஆண்டு கவாகுச்சியும் மொராவ்சிக்கும் இந்த வினைக்கு முதல் கோட்பாட்டுக் கணக்குகளில் ஒன்றை வெளியிட்டார்கள். அன்றைக்குக் கேள்வியே வேறு. கேயானின் பாரிட்டி, அதாவது கண்ணாடிப் பிம்பச் சமச்சீரின் குறி, கூட்டலா கழித்தலா என்றுகூட உறுதியாகத் தெரியாத காலம். கேயான்கள் எந்தக் கோணத்தில் எவ்வளவு வருகின்றன என்று பார்த்தால் அதைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார்கள்.

அவர்கள் போட்ட அடித்தளத்தின்மேல்தான் அறுபது ஆண்டுகளாக எல்லோரும் கட்டிவருகிறார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஃபோட்டானும் புரோட்டானும் மோதிக் கேயானும் லாம்டாவும் வருவதற்கு அடிப்படையில் மூன்று வழிகள். புரோட்டான் முதலில் ஃபோட்டானை விழுங்கிவிட்டுப் பிறகு இரண்டாக உடையலாம். அல்லது, புரோட்டான் முதலில் ஒரு கேயானை உமிழ்ந்து தான் லாம்டாவாக மாற, அந்தக் கேயான் வழியில் ஃபோட்டானை வாங்கிக்கொள்ளலாம். அல்லது, கேயான் தன் வழியே போய்விட, பின்னால் நிற்கும் லாம்டா ஃபோட்டானை வாங்கலாம். முதல் வழியில் இடையில் நிற்பது வெறும் புரோட்டானாகவும் இருக்கலாம். அதன் கிளர்ந்த நிலையான ஓர் ஒத்ததிர்வாகவும் இருக்கலாம். இரண்டாம் வழியில் கேயானுக்குப் பதில் அதன் கனமான உறவு கே-ஸ்டார் வரலாம். மூன்றாவதில் சிக்மாவோ லாம்டாவின் கிளர்ந்த நிலைகளோ வரலாம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு வீச்சு உண்டு. குவாண்டம் விதிப்படி எல்லா வீச்சுகளையும் முதலில் கூட்டிவிட்டு, கூட்டுத்தொகையைத்தான் வர்க்கப்படுத்த வேண்டும். ஆகவே ஒரு வழி இன்னொன்றைத் தூக்கியும் விடலாம், காலை வாரியும் விடலாம்.

வலுவிசையின் அடிப்படைக் கோட்பாடான குவாண்டம் குரோமோடைனமிக்ஸ் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். அது வந்தது எழுபதுகளில். வந்த பிறகும் இந்த ஆற்றலில் அதைக் கையால் கணக்கிட முடியாது. ஆற்றல் குறையக் குறைய விசை வலுக்கும். சிறு திருத்தங்களாக வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகும் முறை 1 ஜிஇவி, அதாவது 1000 எம்இவி, பக்கத்தில் படுத்துவிடும். அதனால்தான் குவார்க்கை மறந்துவிட்டு, புரோட்டான், கேயான், லாம்டா ஆகியவற்றையே அடிப்படைப் பாத்திரங்களாக வைத்து நாடகம் போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பாத்திரமும் மற்றொன்றோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பதற்கு ஓர் எண். அதற்குப் பிணைப்பு மாறிலி என்று பெயர். அந்த எண்களைக் கோட்பாடு தராது. தரவோடு வளைகோட்டைப் பொருத்தித்தான் எடுக்க வேண்டும்.

தாம் என்ற ஆய்வாளர் 1966-இல் செய்தது அதைத்தான். கால்டெக், கார்னெல் தரவுகளை ஒன்றாக வைத்து, மூன்று வழிகளோடு சில ஒத்ததிர்வுகளையும் சேர்த்துப் பொருத்திக் காட்டினார். இன்றும் இந்தத் துறையின் கட்டுரைகள் அவரிடமிருந்தே தொடங்குகின்றன. அதன் பிறகு நீண்ட தூக்கம். பெரிய முடுக்கிகள் மேலும் மேலும் உயர்ந்த ஆற்றலைத் தேடிப் போயின. ஸ்டான்ஃபோர்டின் ஸ்லாக்கில் பொயார்ஸ்கி குழு 1969-இல் 5 முதல் 16 ஜிஇவி வரை அளந்தது. கீழே, ஒத்ததிர்வுகள் வாழும் இடத்தில், பழைய தரவுகளே புழுதி படிந்து கிடந்தன.

1985-இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் அடெல்செக், பென்ஹோல்ட், ரைட் மூவரும் தூசி தட்டினார்கள். அவர்களுக்கு வேறொரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அணுக்கருவுக்குள் ஒரு லாம்டாவைக் குடியேற்றி ஹைப்பர் அணுக்கருவைச் செய்ய ஃபோட்டானைப் பயன்படுத்தலாமா என்பது கேள்வி. தனிப் புரோட்டானில் நடப்பதற்கே நம்பத்தகுந்த சூத்திரம் இல்லாமல் அணுக்கருவில் நடப்பதை எப்படிக் கணிப்பது? ஆகவே முதலில் சூத்திரத்தைச் சீர்செய்யப் புறப்பட்டார்கள்.

அங்கே ஒரு பழைய வில்லங்கம் காத்திருந்தது. குவார்க் குடும்பச் சமச்சீர் விதிகளின்படி, கேயான்-லாம்டா-புரோட்டான் பிணைப்பு மாறிலி, இத்துறை வழக்கப்படி எழுதினால், -3.0-க்கும் -4.4-க்கும் இடையே இருக்க வேண்டும். அந்த எண்ணை அப்படியே போட்டால் கணக்கில் வரும் கேயான்கள் அளவில் வந்ததைவிடப் பல மடங்கு எகிறிவிடும். தரவுக்குப் பொருத்தினால் எண் மிகச் சிறியதாக வரும். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

வழி ஒன்று இருந்தது. புரோட்டானும் கேயானும் புள்ளிகள் அல்ல, அளவுள்ள பொருள்கள். ஆகவே அவை சந்திக்கும் இடத்தில் பிணைப்பை ஆற்றலுக்கேற்பத் தணிக்கும் ஒரு வடிவக் காரணியைப் பெருக்கலாம். பெருக்கினால் கணக்கு அடங்கியது. ஆனால் வேறு பூதம் கிளம்பியது. மூன்று வழிகளையும் வெவ்வேறு அளவில் தணிக்கும்போது மின்னூட்டம் அழியாது என்ற விதியே கணக்கில் உடைந்துபோனது. மின்னூட்டம் காணாமல் போகும் மாதிரியை எந்த இயற்பியலாளரும் பக்கத்தில் சேர்க்கமாட்டார். 1989-இல் ஓட்டா ஒரு பரிகாரம் சொன்னார். 1997-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹெல்முட் ஹாபர்ட்செட்டில் இன்னும் நெகிழ்வான ஒன்றைத் தந்தார். விதி காப்பாற்றப்பட்டது. கூடவே, இஷ்டத்துக்குத் திருகக்கூடிய ஒரு திருகாணியும் மாதிரியில் வந்து உட்கார்ந்துகொண்டது. வடிவக் காரணி எந்த ஆற்றலில் தணிக்கத் தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. பொருத்தித்தான் பார்க்க வேண்டும். பின்னால் வந்த சண்டைகளில் பாதி இந்தத் திருகாணியால் வந்தவை.

இனித் தலைப்பில் சொன்ன மேட்டுக்கு வருவோம்.

ஜெர்மனியின் பான் நகரில் எல்சா என்ற எலக்ட்ரான் முடுக்கி. அதில் சாஃபிர் என்ற கருவி. 1998-இல் சாஃபிர் குழு கேயான்-லாம்டா வினையின் குறுக்குவெட்டுப் பரப்பை, அதாவது அந்த வினை நடக்கும் வாய்ப்பின் அளவை, முன்னெப்போதும் இல்லாத நுணுக்கத்தோடு வெளியிட்டது. வரைபடத்தில் 1700 எம்இவி பக்கம் ஒரு முகடு, அது எதிர்பார்த்ததுதான். அதைத் தாண்டி 1900 எம்இவி பக்கம் இன்னொரு சின்ன மேடு. (இந்த எண்கள் ஃபோட்டானின் ஆற்றல் அல்ல, மோதும் இரண்டின் மொத்த நிறை-ஆற்றல். 1900-ஐ எட்ட ஃபோட்டானுக்குச் சுமார் 1450 எம்இவி வேண்டும்.) பழைய தரவுகளில் பிழைக்கோடுகள் அவ்வளவு நீளம், இந்த மேடு அவற்றுக்குள் மறைந்து கிடந்திருக்கிறது.

ஒரு மேட்டுக்கு ஏன் இத்தனை பரபரப்பு? மூன்று குவார்க்குகளை ஒரு பைக்குள் அடைத்து எத்தனை விதமாக அதிர வைக்கலாம் என்று எழுபதுகளின் கடைசியில் இஸ்கரும் கார்லும் கணக்கிட்டிருந்தார்கள். கணக்கில் வந்த ஒத்ததிர்வுகள் அதிகம்; சோதனையில் கண்டவை குறைவு. காணாமல் போனவை எங்கே? இதற்கு ஒரு சமாதானம் இருந்தது. அதுவரை ஒத்ததிர்வுகளைத் தேடியதெல்லாம் பையான் கற்றையைப் புரோட்டானில் மோதவிட்டுத்தான். பையானோடு ஒட்டாத ஒத்ததிர்வு அந்த வலையில் விழாது. அது கேயான்-லாம்டாவாக உடையும் சுபாவம் கொண்டதாக இருந்தால் இங்கே அகப்படலாம். இந்த வினையில் இன்னொரு வசதியும் உண்டு. லாம்டாவின் ஐசோஸ்பின் பூஜ்யம் என்பதால் டெல்டா குடும்பத்து ஒத்ததிர்வுகளுக்கு இதில் இடமே இல்லை; கூட்டம் குறைவு, ஆளை அடையாளம் காண்பது சுலபம். கேப்ஸ்டிக்கும் ராபர்ட்ஸும் அதே 1998-இல் எந்தெந்த ஒத்ததிர்வு கேயானாக உடையும் என்று ஒரு பட்டியலே போட்டிருந்தார்கள்.

இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தின் டெரி மார்ட்டும், ஒஹையோவிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டனுக்கு வந்திருந்த பென்ஹோல்டும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டைப் பொருத்தினார்கள். தெரிந்த மூன்று ஒத்ததிர்வுகளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்ததும் வளைகோடு மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. புதியவரின் நிறை 1895 எம்இவி, தற்சுழற்சி 3/2, பாரிட்டி கழித்தல். துறை வழக்கில் டி13. கேப்ஸ்டிக்-ராபர்ட்ஸ் பட்டியலில் 1960 எம்இவியில் அதே அடையாளங்களோடு ஒருவர் இருந்தார். பிணைப்புகளும் ஒத்துப்போயின. 1999-இல் எழுதி 2000-இன் பிசிகல் ரிவியூ சி இதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே காணாமல் போன ஒத்ததிர்வுக்குச் சான்று கிடைத்துவிட்டது என்றது. அவர்களுடைய மாதிரி கேயான்-மெய்ட் என்ற பெயரில் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏறியது. யாரும் ஆற்றலையும் கோணத்தையும் கொடுத்து விடையை வாங்கிக்கொள்ளலாம். சோதனைக்காரர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். கோட்பாட்டுக்காரர்களுக்கு அடித்துப் பார்க்க நல்ல இலக்கு.

அடி முதலில் பிரான்சின் சாக்ளேயிலிருந்து விழுந்தது. புதிய ஒத்ததிர்வு எதுவும் வேண்டாம். மூன்றாம் வழியில் வரும் லாம்டா வகை ஒத்ததிர்வுகளைச் சரியாகக் கணக்கில் எடுத்தாலே மேடு வந்துவிடும் என்று பிஜன் சகாய் 2001-இல் காட்டினார். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் யான்சனும் ரிக்கபுஷும் இன்னும் ஆழமாக வெட்டினார்கள். பின்னணி வீச்சைக் கட்டுக்குள் வைக்க மூன்று வெவ்வேறு வழிகளை எடுத்துக்கொண்டு, மூன்றிலும் தரவைப் பொருத்தினார்கள். மூன்றும் பொருந்தின. ஆனால் ஒத்ததிர்வுகளின் பிணைப்பு எண்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வந்தன. சுருதி எது என்று தெரியாமல் காதில் விழுவது எந்த ஸ்வரம் என்று எப்படிச் சொல்வது? தம்பூராவைக் கொஞ்சம் மாற்றிக் கூட்டினால் அதே ஒலி மத்யமமும் ஆகும், பஞ்சமமும் ஆகும். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் மிக நேர்மையான கட்டுரை கென்ட் குழுவினுடையதுதான். அது எந்தத் துகளையும் கண்டுபிடிக்கவில்லை; கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லும் தகுதி இப்போதைக்கு யாருக்கும் இல்லை என்று எடுத்துக்காட்டியது.

தம்பூராவைச் சரியாகக் கூட்ட ஒரு வழி மேலிருந்து வந்தது. ஆற்றல் மிக உயர்ந்த இடத்தில் ஒத்ததிர்வுகளின் இரைச்சல் இருக்காது. வெறும் பின்னணி மட்டும் கேட்கும். 1997-இல் கிடால், லாஜே, வான்டர்ஹாகன் மூவரும் 1969-இன் அந்த ஸ்லாக் தரவுகளை எடுத்து, துல்லியோ ரெட்ஜே 1959-இல் தொடங்கிவைத்த முறையில் விளக்கியிருந்தார்கள். ஒற்றைக் கேயானுக்குப் பதில், கேயானும் அதன் மேல்நிலைச் சுழற்சி வாரிசுகளும் சேர்ந்த முழு வம்சமே பரிமாறப்படுவதாக வைத்துக்கொள்வது அந்த முறை. மிகக் குறைந்த எண்களே தேவைப்பட்டன. 2006-இல் கென்ட்டின் கோர்தால்ஸ், ரிக்கபுஷ், வான் கௌடரன் இந்தப் பின்னணியை மேலேயே நிர்ணயித்துவிட்டு, அதைத் தொடாமல் கீழே கொண்டுவந்து ஒத்ததிர்வுகளை அதன்மேல் வைத்தார்கள். திருகாணிகள் சட்டென்று குறைந்தன.

இதற்கிடையே அமெரிக்காவின் வர்ஜீனியாவில், நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில், ஜெஃபர்சன் ஆய்வகத்தின் முடுக்கி வேலையில் இறங்கியிருந்தது. பழைய சிங்க்ரோட்ரான்கள் விட்டுவிட்டுத் துடிப்பாகக் கற்றையைத் தரும். இது இடைவிடாமல் தந்தது. மிக மெல்லிய தங்கத் தகட்டின்மேல் எலக்ட்ரான்களை விட்டால் சில எலக்ட்ரான்கள் ஃபோட்டானை உமிழும். உமிழ்ந்த எலக்ட்ரானைக் காந்தத்தால் வளைத்து மிச்ச ஆற்றலை அளந்தால், முதலில் இருந்ததிலிருந்து கழித்து ஃபோட்டானின் ஆற்றலைச் சொல்லிவிடலாம். ஃபோட்டான் நேரே போய்த் திரவ ஹைட்ரஜனில் மோதும். சுற்றிலும் ஆறு பிரிவுகளாக கிளாஸ் என்ற பிரம்மாண்டக் கருவி.

2004-இலும் 2006-இலும் கிளாஸ் குறுக்குவெட்டுப் பரப்புகள் வந்தன. மேடு இருந்தது. ஆனால் சாஃபிர் எண்களுக்கும் கிளாஸ் எண்களுக்கும் கணிசமான வித்தியாசம். மேட்டின் இடமும் அகலமும் கேயானின் கோணத்துக்குக் கோணம் மாறின. அப்படியானால் கீழே ஒருவர் இல்லை, பலர். சாஃபிரை நம்பினால் ஓர் ஒத்ததிர்வு முக்கியம், கிளாஸை நம்பினால் வேறொன்று என்று மார்ட்டே 2006-இல் சுலக்சோனோவுடன் சேர்ந்து எழுதினார். எத்தனை கேயான் வருகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தால் இந்த வழக்கு தீராது என்பது அதோடு தெரிந்துபோயிற்று.

தீர்ப்பு லாம்டாவின் சுழற்சியில் இருந்தது. லாம்டா ஒரு நொடியின் ஆயிரம் கோடியில் இரண்டரைப் பங்கு நேரம் வாழ்ந்துவிட்டு, பெரும்பாலும் ஒரு புரோட்டானாகவும் பையானாகவும் சிதையும். மெலிந்த விசையால் சிதைவதால் அதில் இடம் வலம் பேதம் உண்டு. புரோட்டான், லாம்டாவின் தற்சுழற்சி எந்தத் திசையைக் காட்டியதோ அந்தப் பக்கம் போகவே அதிகம் விரும்பும். எவ்வளவு அதிகம் என்பதற்கு ஆல்ஃபா என்ற எண். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் பயன்படுத்திய மதிப்பு 0.642. ஒரே திசையில் முழுதும் சுழலும் 1000 லாம்டாக்கள் சிதைந்தால், அந்தத் திசைப் பாதியில் 660 புரோட்டான்களும் எதிர்ப்பாதியில் 340-உம் விழும். ஆகவே லாம்டாவின் சுழற்சியை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். புரோட்டான் எந்தப் பக்கம் விழுந்தது என்று எண்ணினால் போதும். வாக்குமூலத்தை லாம்டா தானே கொடுத்துவிட்டுச் சாகிறது. மற்றத் துகள் வினைகளில் அலைந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட வசதி என்பது தெரியும்.

இந்த வினையில் மொத்தம் 16 வகை அளவுகளை எடுக்கலாம்; கேயான்களின் எண்ணிக்கை அவற்றில் ஒன்றே ஒன்று. கவனமாகத் தேர்ந்தெடுத்த எட்டு இருந்தால், சுழற்சி அமைப்புகளுக்கேற்ப இந்த வினைக்கு உள்ள நான்கு வீச்சுகளையும் சந்தேகமில்லாமல் எழுதிவிடலாம் என்று சியாங்கும் டபாக்கினும் 1997-இல் நிரூபித்திருந்தார்கள். 2007-இல் கிளாஸ் குழு வட்ட முனைவாக்கம் கொண்ட ஃபோட்டான்களை விட்டு, அந்தச் சுழற்சியில் எவ்வளவு லாம்டாவுக்குக் கைமாறுகிறது என்று இரண்டு திசைகளில் அளந்தது. முன்பே அளந்த இன்னொரு திசைக் கூறையும் சேர்த்து மூன்று கூறுகளின் மொத்த நீளத்தைப் பார்த்தால், சராசரி 1.01, பிழை 0.01. அதாவது லாம்டா எந்த ஆற்றலிலும் எந்தக் கோணத்திலும் முழுச் சுழற்சியோடு வருகிறது! எந்த மாதிரியும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. ஃபோட்டான் முதலில் ஒரே சீராகச் சுழலும் விநோதக் குவார்க் ஜோடியாக மாறுகிறது, பிறகு அந்தச் சுழற்சி திசை மட்டும் திரும்புகிறது, அழிவதில்லை என்று கார்னகி மெலனின் ரெய்ன்ஹார்ட் ஷூமாக்கர் ஒரு படம் வரைந்து பார்த்தார். அழகான படம்.

பான் நகரத்தையும் ரஷ்யாவின் காச்சினாவையும் சேர்ந்த குழு, பையான், ஈட்டா, கேயான் வினைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பொருத்தும் வேலையில் இருந்தது. பையானாக உடையும் ஒத்ததிர்வுதானே கேயானாகவும் உடைகிறது. இரண்டு இடத்திலும் அதன் நிறையும் அகலமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டோடு புதிய சுழற்சித் தரவையும் சேர்த்தபோது, பி13 என்ற ஒத்ததிர்வு இல்லாமல் எதுவும் பொருந்தவில்லை. நிறை 1900 பக்கம், தற்சுழற்சி 3/2. ஆனால் பாரிட்டி கூட்டல். மார்ட்டின் டி13 அல்ல. 2008-இல் நிகோனோவும் மற்றவர்களும் இதை வெளியிட்டார்கள். பி13 அதுவரை துகள் தரவுக் குழுவின் கையேட்டில் இரண்டே நட்சத்திரத்தோடு, இருக்கலாம் என்ற அளவில் ஒதுங்கிக் கிடந்தது. அது உறுதியானதில் வேறொரு விளைவும் உண்டு. புரோட்டானுக்குள் இரண்டு குவார்க்குகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டே திரிகின்றன என்ற எளிய படத்தில் இந்த ஒத்ததிர்வுக்கு இடம் கிடையாது.

2012-இல் மார்ட்டும் கோலிலியும் புதிய கிளாஸ் தரவுகளை வைத்துத் தங்கள் சொந்த மாதிரியில் மறுபடி கணக்குப் போட்டார்கள். விடை: 1900-இன் மேட்டுக்குக் காரணம் முக்கியமாக பி13 தான், டி13 இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தம் பெயரோடு சேர்த்தே பேசப்பட்ட முடிவை, மார்ட் தாமே பிசிகல் ரிவியூவில் திருத்தி எழுதினார். அப்படி எழுதுபவர்கள் எந்தத் துறையிலும் அதிகம் இல்லை. இதில் ஒரு வேடிக்கை, டி13-உம் முழுக்க மாயை இல்லை. அதே சுழற்சியும் பாரிட்டியும் கொண்ட ஒன்று 1875 எம்இவியில் அதே 2012 கையேட்டில் இடம்பிடித்தது. ஆள் இருந்தார், மேட்டைக் கட்டியவர் அவரில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். 2019-இல் பெய்ஜிங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. பெஸ்-3 குழு, ஜே-சை துகள் சிதைந்து வரும் லாம்டா, எதிர்லாம்டா ஜோடிகளை வைத்து ஆல்ஃபாவைப் புதிதாக அளந்திருந்தது. 0.642 அல்ல, 0.750. பதினேழு சதவீதம் அதிகம். உலகம் முழுக்க லாம்டாவின் சுழற்சியை அளந்தவர்கள் எல்லோரும் தப்பான அளவுகோலை வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். கிளாஸ் குழுவைச் சேர்ந்த கிளாஸ்கோவின் டேவிட் அயர்லாந்தும் மற்றவர்களும் உடனே தங்கள் கேயான் தரவுக்குத் திரும்பினார்கள். அந்த 16 அளவுகளும் ஒன்றோடொன்று சில கணிதச் சமன்பாடுகளால் கட்டுண்டவை; ஆல்ஃபா தப்பென்றால் அந்தச் சமன்பாடுகள் கணக்கில் நிற்காது. நிற்கவைக்கும் ஆல்ஃபா எது என்று தேடினால் வந்தது 0.721. பெய்ஜிங் எண்ணோடு முற்றும் ஒத்துப்போகவில்லை என்றாலும் பழைய 0.642-க்கு இனி வாழ்வில்லை என்பதை உறுதிசெய்தது. நாற்பது ஆண்டுக் கையேட்டு மதிப்பு ஒன்றைத் தூக்கிப்போட ஃபோட்டானும் புரோட்டானும் சாட்சி சொன்னது இந்த வினையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஆனால் அந்தப் புகழ்பெற்ற 1.01? அதுவும் பழைய அளவுகோலால் அளந்ததுதானே. ஆல்ஃபா கூடினால் சுழற்சி அதே விகிதத்தில் குறைய வேண்டும். 0.721-ஐப் போட்டால் 0.90, 0.750-ஐப் போட்டால் 0.86. லாம்டா பெருமளவு சுழற்சியோடுதான் வருகிறது, முழுச் சுழற்சியோடு அல்ல. ஷூமாக்கரின் படம் அழகாக இருந்தும் அதன் அடித்தளம் ஆட்டம் கண்டுவிட்டது.

பி13-க்கு ஒன்றும் ஆகவில்லை. கையேட்டின் இப்போதைய பெயரில் அது என்(1900). 2012-இல் மூன்று நட்சத்திரம், 2018-இலிருந்து நான்கு. ஐயமில்லை என்பதற்கு அந்தக் கையேடு தரும் உச்ச மதிப்பு அதுதான். 2003-இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8-இல் இதே போன்ற ஃபோட்டான் கற்றையில் ஐந்து குவார்க் துகளைக் கண்டதாக அறிவித்தார்களே, அதன் எழுச்சியும் வீழ்ச்சியும் அடுத்த இதழில்.